ரைன் கரையில் தூங்காத ஊர்கள்

தண்டவாளத்தை ஒட்டிய லயத்தில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கிவிடும். நடுச்சாமத்தில் சரக்கு வண்டி வரும். காது அறியும் முன்பே முதுகு அதை அறிந்துவிடும். கட்டில் கால் நடுங்கும். அலமாரியில் கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பைகள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுக்கும். அதற்குப் பிறகுதான் சத்தம். வண்டி அடுத்த நிலையத்தைத் தாண்டிப் போயிருக்கும், நமக்குப் போன தூக்கம் திரும்பியிருக்காது. நம் நாட்டில் அப்படிப்பட்ட வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. ஜெர்மனியில் ரைன் நதியின் இரு கரையிலும் அப்படிப்பட்ட ஊர்களே வரிசையாக இருக்கின்றன. அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் போராட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2023-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் அங்கே போகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் அக்காள் மகள் தன் கணவரோடு மைன்ஸ் நகரில் இருக்கிறாள். அச்சுக்கலைக்குப் பேர்போன கூட்டன்பர்க் பிறந்த ஊர் அது. வாத்தியார் வேலை பார்ப்பவனுக்கு அந்த ஊர் மேல் தனி மதிப்பு வராமல் இருக்குமா? அவர் பெயரிலுள்ள பொருட்காட்சிசாலையில் ஒரு நாள் முழுவதும் கழித்தேன். அதை இன்னொரு முறை எழுதுகிறேன். இப்போது நதியோடு போவோம்.

மைன்ஸைத் தாண்டி மேற்கே ஓடும் ரைன், பிங்கன் என்ற ஊரில் மலைகளுக்குள் நுழைகிறது. அங்கிருந்து கோப்லென்ஸ் நகரம் வரை சுமார் 65 கிலோமீட்டர் தூரம் இரு பக்கமும் மலை நெருக்க, நடுவே நதி நெளிந்து போகிறது. இந்தப் பள்ளத்தாக்கை 2002-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய நாற்பது கோட்டைகள் மலை முகடுகளில் நிற்கின்றன. சில முழுதாக, சில இடிந்து. அவற்றுக்குக் கீழே சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கேமரன் மலையில் தேயிலைச் சரிவைப் பார்த்து மலைத்தவர்கள் இங்கே வந்தால் வாயடைத்துப் போவார்கள். அவ்வளவு செங்குத்து. மண்ணே இல்லை என்று சொல்லும்படி கறுத்த சிலேட்டுக் கல் சிதறிக் கிடக்கிறது. நம் தாத்தாமார் எழுதிப் படித்த சிலேட்டுப் பலகை இந்த ஜாதிக் கல்தான். அறுவடைக் காலத்தில் பழம் பறிக்கப் போலந்து, ருமேனியா நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எந்தத் தேசமானாலும் தோட்டம் என்று ஒன்று இருந்தால் பறிக்கிற கை வெளியூர்க் கைதான் போலும்.

இந்தக் குறுகலான இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நடுவே நதி. இரு கரையிலும் ஒவ்வொரு நெடுஞ்சாலை. இரு கரையிலும் ஒவ்வோர் இரயில் பாதை. அதை ஒட்டி ஊர். ஊரின் முதுகில் மலை. மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் வரை நதியைக் கடக்க ஒரு பாலம் கூடக் கிடையாது, தோணித்துறைதான். ஒரு கரையில் எழும் ஓசை எதிர்க்கரை மலையில் மோதித் திரும்பி வரும். ஆகவே இரண்டு கரை ஓசையும் இரண்டு கரைக்கும் சொந்தம்.

பாதைகள் நேற்றுப் போட்டவையல்ல. இடக்கரைப் பாதை 1859-ஆம் ஆண்டிலும் வலக்கரைப் பாதை 1862-ஆம் ஆண்டிலும் இந்தப் பள்ளத்தாக்கில் முழுமை பெற்றன. அப்போது ஓடியவை சிறிய வண்டிகள். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் ஜெனோவா துறைமுகம் வரை போகும் பெரும் சரக்குத் தடத்தின் நடுப்பகுதியாக இன்று இது ஆகிவிட்டது. 2002-ல் கொலோன் நகருக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் தனியாக ஓர் அதிவேகப் பாதை திறந்தார்கள். பறக்கும் பயணிகள் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போய்விட்டன. சரக்கு மட்டும் பள்ளத்தாக்கோடு தங்கிவிட்டது. 2007-ல் நெதர்லாந்து, ரோட்டர்டாமிலிருந்து ஜெர்மன் எல்லைவரை சரக்குக்கென்றே ஒரு பாதை போட்டது. 2016-ல் சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கத்தைத் திறந்தார்கள். வடக்கே வாசலை அகலமாக்கினார்கள், தெற்கே வாசலை அகலமாக்கினார்கள். நடுவிலுள்ள நடைவழியில் மட்டும் பாயை விரித்து மக்கள் படுத்திருக்கிறார்கள்.

ரோட்டர்டாம் என்ற பெயர் நமக்கு அந்நியமானதன்று. நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஐரோப்பாவில் போய் இறங்கும் துறைமுகங்களில் முதன்மையானது அது. நாம் குலை வெட்டி அனுப்புகிற சரக்கின் மறுமுனை எங்கோ அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வலக்கரையில் கவுப் என்று ஒரு சிற்றூர். நதியின் நடுவே ஒரு பாறைத் திட்டில் கப்பல் போல ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கும், படத்தில் பார்த்திருப்பீர்கள். 14-ஆம் நூற்றாண்டில் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்குவதற்காகக் கட்டியது. அந்தக் காலத்தில் இந்த ஊரைக் கடந்த வணிகம் நின்று காசு கொடுத்துவிட்டுப் போயிற்று. இப்போதைய வணிகம் நிற்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

அங்கே விருந்தினருக்கு அறை விடும் ஒரு வீட்டில் நானும் அக்காள் மகளும் அவள் கணவரும் தங்கினோம். மரச்சட்டம் வைத்து இடையில் மண் பூசிக் கட்டிய பழைய வீடு. சன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே என் வகுப்பறையின் நீளம் கூட இருக்காது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். அறையைக் காட்டியதும் அவர் செய்த முதல் காரியம், சன்னலைச் சாத்திக் காட்டியதுதான். கனத்த இரட்டைக் கண்ணாடி. அரசாங்க உதவியில் போட்டதாம். சாத்தியதும் தெருச் சத்தம் அற்றுப்போயிற்று. "ஆனால் கட்டிலுக்குக் கண்ணாடி போட முடியவில்லை" என்று அவர் சொன்னதை அக்காள் மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

அந்த இரவுதான் அதற்குப் பொருள் புரிந்தது. பத்து மணிக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வரத் தொடங்கின. கண்ணாடி தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. சத்தம் பாதிக்குமேல் வெளியே நின்றுவிட்டது. தரை வழியாக வந்ததை அது என்ன செய்யும்? முதலில் மெத்தைக்கு அடியில் ஒரு சிலிர்ப்பு. பிறகு சுவரிலிருந்து வண்டு இரைவது போன்ற ஓர் ஆழ்ந்த முணுமுணுப்பு. மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையில் வட்ட வட்டமாக அலை. எத்தனை வண்டி என்று எண்ணத் தொடங்கியவன் பத்தோடு விட்டுவிட்டேன். விடிந்ததும் பார்த்தால் சுவரிலிருந்த குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வீட்டுக்கார அம்மா காப்பி கொண்டுவருகிற வழியிலேயே அவற்றை ஒவ்வொன்றாக விரலால் நேராக்கிக்கொண்டு வந்தார். அவர் அதைக் கவனித்துச் செய்ததாகவே தெரியவில்லை.

"ஏன் வீட்டை விற்றுவிட்டுப் போகக்கூடாது என்று கேட்டுப் பார், புள்ள" என்றேன்.

"கேட்டேன் மாமா. பகலில் வந்து பார்க்கிறவர்கள் வாங்க ஆசைப்படுகிறார்களாம். இரவு தங்கிப் பார்க்கச் சொன்னால் மறுநாள் திரும்பி வருவதில்லையாம். சொல்லாமல் விற்க இவருக்கு மனமில்லை" என்றாள்.

சத்தம் வேறு, அதிர்வு வேறு. வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். மேசையின் ஒரு முனையில் உள்ளங்கையை வையுங்கள். மறுமுனையில் ஒருவர் குத்தட்டும். காதைப் பொத்திக்கொண்டாலும் கைக்குத் தெரியும். சத்தம் காற்றில் வருகிறது. சுவர் வைக்கலாம், கண்ணாடி போடலாம். அதிர்வு மண்ணுக்குள் வருகிறது. அடித்தளத்தில் ஏறி, சுவரில் ஏறி, பலகைத் தரைக்கு வந்து கட்டிலைத் தொடுகிறது. நொடிக்கு 4 முதல் 80 தடவை வரையிலான ஆட்டம்தான் வீடுகளில் ஆளைத் தொல்லைப்படுத்துவது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் தரை அசைந்தாலே மனித உடம்பு அதை உணரத் தொடங்கிவிடும். ஒரு நான்கு அச்சுச் சரக்குப் பெட்டி முழுச் சுமையோடு 90 டன் வரை இருக்கும். வண்டியின் நீளம் 740 மீட்டர் வரை போகும். பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாமல் இழுபட்டால் அதில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சம்மட்டி அடி. சக்கரத்திலும் தண்டவாளத்திலும் அடிமண்ணிலும் எது கோணலாக இருந்தாலும் அதன் கணக்கு வீட்டில் வந்துதான் தீர்கிறது.

மறுநாள் காலை கவுப்பிலிருந்து பயணிகள் கப்பலில் கீழ்நோக்கிப் போனோம். வளைவில் லோரலைப் பாறை வந்தது. நீர்மட்டத்திலிருந்து 130 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் பாறை. அதன்மேல் ஒரு பொற்கூந்தல் பெண் அமர்ந்து பாடியதாகவும், கேட்டு மயங்கிய படகோட்டிகள் பாறையில் மோதி மாண்டதாகவும் கதை. ஹைனே என்ற கவிஞர் எழுதிய பாட்டு ஒலிபெருக்கியில் எழுந்தது. அதே நேரம் பாறையைக் குடைந்த சுரங்கத்திலிருந்து ஒரு சரக்கு வண்டி வெளியே வந்தது. சுரங்க வாசலைக் கோட்டைக் கொத்தளம் போலவே அழகாகக் கட்டியிருக்கிறார்கள். பாட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கப்பலில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அங்கே ஒரு நிமிடம் மட்டுமே இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

இன்னும் சற்றுக் கீழே கெஸ்டர்ட் என்ற ஊர். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த ஊருக்கருகே மலைச்சரிவு பெயர்ந்து பாதைமேல் விழுந்தது. பல வாரம் வலக்கரையில் வண்டி ஓடவில்லை. அத்தனை காலம் பழகிப்போயிற்று என்று நினைத்தவர்களுக்கும், பழகவில்லை, பொறுத்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அப்போது தெரிந்திருக்கும். ஆனால் சரக்கு நின்றுவிடுமா? இடக்கரைப் பாதையில் கூடுதல் வண்டிகள் போயின. ஒரு கரை தூங்கினால் மறுகரை விழிக்க வேண்டும். ஊர்களுக்குள் பகை மூட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை. இரு கரையாரும் அதற்கு இடம் கொடுக்காமல் சேர்ந்தே குரல் கொடுக்கிறார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கப்பல் எங்களைப் பொப்பார்ட் என்ற ஊரில் இறக்கிவிட்டது. 'ப்ரோ ரைன்தால்' என்ற குடிமக்கள் இயக்கத்துக்கு இதுதான் தலைமையிடம். 'ரைன் பள்ளத்தாக்குக்காக' என்று பொருள். இப்படிப் பல குழுக்கள் பள்ளத்தாக்கெங்கும் இருக்கின்றன. ஊர்வலம் போனார்கள், பதாகை கட்டினார்கள், இரயில் இரைச்சலைப் பற்றிப் பன்னாட்டு மாநாடே இந்தச் சிற்றூரில் கூட்டினார்கள். இவை எல்லாவற்றையும்விட நான் வியந்தது, அவர்கள் அளவெடுக்கக் கற்றுக்கொண்டதைத்தான். "தூங்க முடியவில்லை ஐயா" என்று மனுக் கொடுத்தால் அதிகாரி அனுதாபத்தோடு தலையாட்டுவார், கோப்பு அலமாரிக்குப் போகும். இது நமக்கும் தெரிந்த கதைதானே. எண்ணை நீட்டினால் அவர் பதில் எழுதியாக வேண்டும். கரையோரத்தில் மாநில அரசுகளே அளவு நிலையங்கள் வைத்தன. சில வண்டிகள் 100 டெசிபெலையும் தாண்டின. பத்து டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தெரியும். இரவு நேர இரயில் ஓசை சராசரி 44 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்ன பரிந்துரை.

சட்டம் என்ன சொல்லிற்று? புதிதாகப் போடும் பாதைக்கும் பெரிதாக மாற்றிக் கட்டும் பாதைக்கும்தான் இரைச்சல் வரம்பு. 1859-லும் 1862-லும் போட்ட பாதைக்கு எந்த வரம்பும் இல்லை. தாத்தா காலத்து வண்டிக்குக் கொடுத்த அனுமதியில் பேரன் காலத்து வண்டி ஓடுகிறது. வரம்பு உள்ள இடத்திலும் இரயிலுக்கு ஐந்து டெசிபெல் சலுகை; அளந்ததில் ஐந்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். சாலை இரைச்சலைவிட இரயில் இரைச்சல் அவ்வளவு தொல்லை தராது என்று யாரோ முடிவு செய்ததன் பலன். கருணை மதிப்பெண் கேள்விப்பட்டிருக்கிறேன். தப்புச் செய்தவனுக்குத் தப்பைக் குறைத்துப் போடும் கருணையை இங்கேதான் கண்டேன். அந்தச் சலுகை 2015 முதல் புதிய திட்டங்களுக்கு ஒழிந்தது. கணக்கிடுவதும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரத்துக்கான சராசரிதான். தூங்குகிறவனை எழுப்புவது சராசரியா? ஒரு வண்டி எழுப்பினால் போதாதா?

பெரிய வெற்றி பிரேக்கில் கிடைத்தது. பழைய சரக்குப் பெட்டிகளில் வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தின் ஓடுமுகத்தையே அழுத்தி வண்டியை நிறுத்தும். இரும்பை இரும்பு கடித்தால் சக்கரம் அரம்போலச் சொரசொரப்பாகிவிடும். சொரசொரத்த சக்கரம் தண்டவாளத்தில் ஓடும்போதுதான் அந்த இரைச்சல். கலவைப் பொருளால் செய்த புதிய கட்டைகள் சக்கரத்தை வழவழப்பாகவே வைத்திருக்கும்; ஓசை காதுக்குப் பாதியாகக் குறையும். மாற்றுவதற்கு அரசு மானியம் கொடுத்தது. இரைச்சல் வண்டிக்குப் பாதைக் கட்டணத்தையும் கூட்டியது. 2017-ல் சட்டம் இயற்றி, 2020 டிசம்பர் 13 முதல் இரைச்சல் பெட்டிகளை ஜெர்மன் பாதைகளில் ஓட்டத் தடை போட்டார்கள். சுவிட்சர்லாந்து அதே ஆண்டின் தொடக்கத்திலேயே தடுத்துவிட்டது. ஒரு சில சிற்றூர்க்காரர்கள் கூச்சலிட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் கவுப்பில் நான் படுத்த இரவு 2023-ல். தடை வந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. குவளையில் அலை எழத்தான் செய்தது. சக்கரம் வழவழப்பானால் ஓசை குறையுமே தவிர, 90 டன் எடை குறையாது. ஓசைச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மக்கள் மேலே ஏறினார்கள். இரயில் அதிர்வுக்கு ஜெர்மன் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை. பொறியாளர்கள் வகுத்த தரக் குறிப்பு ஒன்று உண்டு. வழக்கு வந்தால் நீதிமன்றங்கள் அதைப் பார்க்கும். குறிப்பு வேறு, சட்டம் வேறு. வரம்பு இல்லாத இடத்தில் வரம்பு மீறல் என்று எப்படிப் புகார் எழுதுவது?

வைத்தியம் இல்லாமலா போயிற்று? இருக்கிறது. கேட்டால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். சிலிப்பர் கட்டைக்கு அடியிலும் சரளைக்கல்லுக்கு அடியிலும் ரப்பர் போல அமுங்கி எழும் மெத்தை விரிப்பதுதான் வைத்தியம். பழைய டயரை அரைத்த ரப்பர்த் தூளிலும் அந்த மெத்தையைச் செய்கிறார்கள். இயற்கை ரப்பருக்கு இதில் நெடுநாள் சரித்திரம் உண்டு. 1966-ஆம் ஆண்டிலேயே லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் பார்க் பாதாள இரயில் நிலையத்துக்கு மேலே ஆல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடியை இயற்கை ரப்பர்த் தாங்கிகள்மேல் கட்டினார்கள், கீழே ஓடும் இரயிலின் நடுக்கம் மேலே ஏறக்கூடாது என்று. இங்கிலாந்தில் நம் ரப்பர்த் தொழிலின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு. விடியுமுன் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய் நம் அம்மாக்கள் வெட்டிய பால், லண்டனில் யாரோ நிம்மதியாகத் தூங்கத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ரைன் கரையில் அதை விரிக்க வேண்டுமானால் ஓடும் பாதையைத் தூக்க வேண்டும், பெரும் செலவு. பழைய பாதை என்பதால் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இல்லை. இரைச்சல் தடுப்புச் சுவர் எழுப்பினால் நதியும் கோட்டையும் மறையும். அதிர்வு சுவரைச் சட்டை செய்யாது. அதனால்தான் இரவில் வேகத்தைக் குறையுங்கள், அதிர்வுக்குச் சட்டத்தில் வரம்பு போடுங்கள், சரக்குக்கென்று பள்ளத்தாக்குக்கு வெளியே மலைக்குள் சுரங்கப் பாதை கட்டுங்கள் என்று மூன்றையும் சேர்த்தே கேட்கிறார்கள். இரயிலே வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கையன்று. ஒரு நீண்ட சரக்கு வண்டி நின்றால் ஐம்பது லோரியாவது சாலைக்கு வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். சுரங்கப் பாதை பற்றி எத்தனையோ வரைபடம் வந்தாயிற்று. மண்வெட்டி இன்னும் விழவில்லை.

மாலையில் மைன்ஸ் திரும்பப் பொப்பார்ட் நிலையத்தில் காத்திருந்தோம். எங்கள் வண்டிக்கு முன்பாக ஒரு சரக்கு வண்டி நிற்காமல் கடந்தது. மேடைச் சிமெண்ட் வழியாகச் செருப்புக்குள் அந்த நடுக்கம் ஏறியது. நடுவில் பதினைந்து இருபது தொட்டிப் பெட்டிகள். ஆபத்தான சரக்குக்கு மாட்டும் ஆரஞ்சுத் தகடு அவற்றில் இல்லை.

"சமையல் எண்ணெயாக இருக்கலாம், மாமா" என்றாள் அக்காள் மகள்.